எந்த ஊர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை? கும்பகோணத்தில் ஒரு பழைய புத்தகக் கடை

கும்பகோணத்தில் பழைய புத்தகம் தேடுகிறவர்களுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் சொல்வேன். மகாமகக் குளத்திலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். சந்துக்குள் திரும்பியதும் ஒரு தகரப் பலகை தெரியும். அதில் ‘பழைய புத்தகங்கள் வாங்கவும் விற்கவும்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. கடைக்கென்று தனிப்பெயர் கிடையாது. முன்பு பாத்திரக் கடையாக இருந்த இடமாம். அகலம் குறைவு, நீளம் அதிகம். உள்ளே போனதும் அந்துருண்டையும் வசம்பும் கலந்த வாசனை முகத்தில் அடிக்கும். கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் பயந்து வைத்திருக்கிறார்கள்.

நான் திருவாரூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. பாடநூல், கைடு, போட்டித் தேர்வுப் புத்தகம் வாங்க இங்கே வரவேண்டாம். அது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. இந்தக் கடையின் அருமை பின்சுவரில் இருக்கும் அடுக்கில் இருக்கிறது. மனிதர்களைப் பற்றிய புத்தகம், மலர், சிறுவெளியீடு, பத்திரிகைத் துணுக்கு எல்லாம் அங்கே ஆள்வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு காகிதச் சீட்டு. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தை அடிக்கோல் வைத்துக் கிழித்து, மைப்பேனாவால் எழுதி, பலகையின் விளிம்பில் மைதாப் பசையால் ஒட்டியிருக்கிறார் கடைக்கார அண்ணன். முதலில் ஊர், அப்புறம் பெயர், அப்புறம் தொழில், கடைசியில் வருடங்கள். மை மங்கிப்போன சீட்டுக்கு மேலேயே புதுச்சீட்டு ஒட்டுவார். சில இடங்களில் மூன்று அடுக்குத் தடிமன் இருக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காவிரிக் கரையில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அதில் நான்கு பேர் பேர்பெற்றவர்களாகவும் இருப்பார்கள். ஊர் சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது, அரசர்கள் முன்னோர் பெயரையே திரும்பச் சூடிக்கொள்வது என்று காலங்காலமாக நடந்து வருகிறது. வெறும் பெயரை வைத்துத் தேடினால் வேறு யாரோ வந்து நிற்பார்கள்.

எனக்கு அப்படித்தான் ஆனது. என் அப்பாவுக்குத் தவில் என்றால் உயிர். சிறுவனாக இருந்தபோது ஒரு கோயில் திருவிழாவில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலைக் கேட்டவர். இந்த வயதிலும் ஊஞ்சல் பலகையில் விரலால் தட்டிக்கொண்டே அந்த ராத்திரியைச் சொல்லுவார். அவரைப் பற்றி அச்சில் ஏதாவது இருந்தால் வாங்கிக் கொடு என்று கேட்டார். வெளியூரில் இருக்கும் ஒரு பெரிய புத்தகக் கடைக்குப் போன் செய்து பெயரையும் சொல்லி, தவில் வித்துவான் என்றும் சொன்னேன். பார்சல் வந்தது. உள்ளே இருந்தது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றிய புத்தகம். திரும்பக் கூப்பிட்டால், “பேரு கரெக்டாத்தானே மேடம் இருக்கு, ரிட்டர்ன் எடுக்க முடியாது” என்றார்கள். நல்ல புத்தகம்தான், பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். அப்பா கேட்டது வரவில்லையே என்ற வருத்தம் மட்டும் போகவில்லை.

இந்தக் கடையில் அதே பெயரைச் சொன்னபோது அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “எந்த ஊர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை டீச்சர்?” என்பதுதான்.

பின்சுவரில் அந்தப் பெயருக்கு மூன்று சீட்டுகள் ஒட்டியிருந்தன. மூன்று பேருமே இந்த மண்ணோடு சம்பந்தப்பட்டவர்கள். மூன்று பேரும் தங்கள் துறையில் உச்சத்தில் இருந்தவர்கள்.

முதல் சீட்டு மகாவித்துவானுக்கு, 1815 – 1876. பிறந்தது திருச்சிராப்பள்ளிப் பக்கம். மாயூரத்தில் (மாயவரம், இன்றைய மயிலாடுதுறை) இருந்து பாடம் சொன்னார், திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக இருந்தார். தலபுராணம், அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அவர் பாடியதை அடுக்கினாலே ஒரு பலகை போதாது. உ.வே. சாமிநாதையர் இவரிடம் படித்தவர். ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி 1933இலும் 1934இலும் வெளியிட்டார். அதன் பழைய பதிப்பு ஒன்று அட்டை போன நிலையில் இருந்தது. அண்ணன் காலிக்கோ போட்டுப் புது பைண்டிங் செய்து வைத்திருக்கிறார்.

இரண்டாவது சீட்டு பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு, 1869 – 1954. நட்டுவனார், அதாவது பரதம் சொல்லிக்கொடுப்பவர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் வழியில் வந்தவர். ருக்மிணி தேவி, ராம் கோபால், மிருணாளினி சாராபாய் எல்லாம் இவரிடம் கற்றுக்கொண்டவர்கள். இன்று ‘பந்தநல்லூர் பாணி’ என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அது இந்தச் சின்ன ஊரின் பெயர்தான்.

மூன்றாவது சீட்டு நீடாமங்கலத்தாருக்கு. தவில், 1894 – 1949.

மகாவித்துவான் மறைந்தபோது பந்தணைநல்லூராருக்கு ஏழு வயதுகூட நிரம்பியிருக்குமா தெரியாது. நீடாமங்கலத்தார் பிறக்கவே இல்லை. காலம் வேறு, கலை வேறு. ஆனால் பெயரை மட்டும் சொன்னால் முதலாமவர்தான் வருவார். காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. புலவர் எழுதி வைத்தார். அவருடைய மாணவர் அவரைப் பற்றி எழுதி வைத்தார். நட்டுவனார் சொல்லிக் கொடுத்தது ஆடினவர்களின் உடம்பில் இருக்கிறது. தவில்காரர் வாசித்தது கேட்டவர்களின் காதில் இருக்கிறது. எழுதினவர் பெயர் நூலகத்தில் நிற்கும். வாசித்தவர் பெயர், கேட்டவர்கள் போகப் போக, அதே பெயருள்ள புலவருக்குப் பின்னால் மறைந்துவிடும். இது எனக்குப் பொறுக்கவில்லை. தஞ்சாவூர் ஜில்லா என்றால் நெல்லும் கோயிலும் என்கிறோம். அந்தக் கோயில் வாசலில் விடிய விடியத் தவில் வாசித்தவருக்கு ஒரு சீட்டாவது வேண்டாமா? இந்தக் கடையில் இருக்கிறது. புலவரின் சீட்டு எவ்வளவு அகலமோ, அதே அகலம் தவில்காரரின் சீட்டும்.

அந்தச் சீட்டுக்கு மேல் பலகையில் இருந்த சரக்கு கொஞ்சம்தான். ஒரு சங்கீத சபாவின் ஆண்டு மலர், அதில் பழைய தவில் வித்துவான்களைப் பற்றிய கட்டுரை. அப்புறம் வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து அட்டையில் ஒட்டிய இரண்டு பக்கங்கள். மலர் 150 ரூபாய், துணுக்குகள் 20 ரூபாய். விலையைக் கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் போட்டிருப்பார். அப்பா அந்தக் கட்டுரையை என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். நடுநடுவே நிறுத்தி, “அப்படி இல்லைம்மா, அது வேற தாளம்” என்று திருத்திக்கொண்டே வந்தார்.

அடுத்து வேதநாயகம். இது என் வகுப்பறைத் தலைவலி. விடைத்தாளில் ‘பெத்லகேம் குறவஞ்சியை எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை’ என்று வருடா வருடம் யாராவது எழுதிவிடுகிறார்கள். இருவரும் கிறித்தவர்கள், இருவரும் தமிழில் எழுதியவர்கள், இருவரும் இந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்லமுடியாது. பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், 1774 – 1864. பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியோடு கூடப் படித்தவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1826 – 1889. அவர் முன்சீப், அதாவது நீதிபதி; 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் அவருடையது. தமிழில் முதல் நாவல் என்று அதைத்தான் சொல்கிறோம். கடையில் இருவருக்கும் சீட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தன. அண்ணனிடம் கேட்டு அவற்றைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் வகுப்பில் காட்டினேன். ‘தஞ்சாவூர், சாஸ்திரியார், மாயூரம், முன்சீப்’ என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டேன்.

மாயூரத்துப் பிள்ளையும் மகாவித்துவானும் நெருங்கிய நண்பர்கள். அதனால் அண்ணன் அந்த இரண்டு அடுக்கையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார். இப்படி ஒரு யோசனை ஓடும் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தியாகராஜர் அடுக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. திருவாரூர்க்காரி என்பதால் இருக்கலாம். எங்கள் ஊர்க் கோயிலில் ஆழித்தேரில் வருகிற சாமியின் பெயர் தியாகராஜர். அந்தப் பெயரை இட்டுக்கொண்டவர்கள் எங்கெங்கே போயிருக்கிறார்கள் என்று அந்தப் பலகையில் பார்க்கலாம். திருவாரூரில் 1767இல் பிறந்து திருவையாற்றில் 1847இல் சமாதியான தியாகராஜ சுவாமிகளுக்கு நடுவில் பெரிய சீட்டு. அவர் பாடியது பெரும்பாலும் தெலுங்கில். அந்தக் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட பழைய புத்தகங்கள் நிறையக் கிடைக்கின்றன. மாயவரத்தில் 1910இல் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் அதே பலகையின் வலது ஓரத்தில். பாட்டுப் புத்தகங்கள், அவர் படங்களின் நோட்டீஸ்கள். ஒரு நோட்டீஸ் 300 ரூபாய் என்று போட்டிருந்தது. சாயம் போன ரோஸ் காகிதத்துக்கு அந்த விலை அதிகம் என்றேன். “எனக்கு இதை விக்கவே மனசில்லை டீச்சர்” என்றார்.

குழப்பம் செட்டியார்களில்தான். தியாகராஜ செட்டியார் என்ற பெயரில் மூன்று பேர். நம் கும்பகோணத்துக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஒருவர். அவரும் மகாவித்துவானின் மாணவர். தான் ஓய்வு பெறும்போது அந்த இடத்துக்கு உ.வே.சா. வரவேண்டும் என்று நின்று 1880இல் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். அவர் அன்றைக்கு அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் உ.வே.சா.வின் கும்பகோணத்து வாழ்க்கையே இல்லை. சீவக சிந்தாமணியை அவர் கையில் எடுத்தது அங்கே இருக்கும்போதுதான். அடுத்தவர் சென்னையின் பிட்டி தியாகராயர், 1852 – 1925. நீதிக்கட்சித் தலைவர். தியாகராய நகர் அவர் பெயரில் உள்ளது. மூன்றாமவர் மதுரையில் ஆலையும் கல்லூரியும் நடத்திய கருமுத்து தியாகராசர். சென்னைக்காரருக்கு ஒரு நகரே பெயரைச் சுமக்கிறது, மதுரைக்காரருக்குக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்துத் தமிழாசிரியரை அவர் வேலை பார்த்த ஊரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? கடையில் அவருக்கு இருந்தது மெலிசான ஒரே ஒரு சிறுவெளியீடு. அதை நான் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே அண்ணன், ‘சரக்கு தேவை’ என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதினார்.

சாமிநாதன் அடுக்கு சுவாமிமலையின் கொடை என்பார் அண்ணன். பாபநாசம் பக்கத்தில் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855இல் பிறந்த உ.வே.சா.வுக்கு வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். சாமிநாதன் என்று ஆக்கியது மகாவித்துவான். கும்பகோணத்திலேயே 1925இல் பிறந்து 2023இல் மறைந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் இன்னொருவர். ஒருவர் ஓலைச்சுவடியைக் காப்பாற்றினார், ஒருவர் நெல் கோதுமையின் விளைச்சலைப் பெருக்கினார். டெல்டாக்காரர்களுக்கு இரண்டும் சோறுதான்.

அரசர்கள் பகுதி எனக்குச் சுமாராகத்தான் இருந்தது. பெரும்பாலும் எங்கும் கிடைக்கிற சுற்றுலாப் புத்தகங்கள். ஆனால் அங்கேயும் சீட்டு உதவுகிறது. தாராசுரத்துக்கு வருகிறவர்களிடம், “இதுவும் ராஜராஜன் கட்டினதுதான்” என்று யாராவது சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ராஜராஜன்தான், ஆனால் இரண்டாம் ராஜராஜன். 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. தஞ்சைப் பெரிய கோயிலை 1010இல் முடித்த முதலாம் ராஜராஜனுக்கும் இவருக்கும் நடுவே ஏறக்குறைய நூற்றைம்பது வருடம். குந்தவைக்கும் இரண்டு சீட்டு: முதலாம் ராஜராஜனின் அக்கா ஒருவர். ராஜராஜனின் மகள் ஒருவர். அத்தையின் பெயரையே வைத்து வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சரபோஜியிலும் முதலாமவர் 1712 முதல் 1728 வரை ஆண்டவர். சரஸ்வதி மகால் நூலகம் என்றதும் நாம் நினைப்பது 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாமவரை.

சோழர் கல்வெட்டுப் புத்தகங்கள் ஒரு மூலையில் தனியாக இருக்கின்றன. கல்வெட்டில் ஆர்வம் உள்ளவர்கள் அங்கே நேராகப் போய்விடலாம். சோழ அரசர்கள் மாறி மாறி ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டம் சூடிக்கொண்டார்கள். ஆரம்ப காலக் கல்லில் ‘கோப்பரகேசரி’ என்று போட்டு ஆட்சியாண்டை மட்டும் வெட்டியிருந்தால், அது எந்தப் பரகேசரி என்று எழுத்தின் வடிவத்தையும் கூட வரும் ஆட்களின் பெயரையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். அதை விளக்கும் பழைய புத்தகங்களை அண்ணன் எடுத்துத் தருவார். அவரே படித்திருக்கிறார், மேலோட்டமாகச் சொல்லவில்லை.

பட்டினத்தார் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காவிரிப்பூம்பட்டினத்துப் பட்டினத்தாருக்கு அண்ணன் இரண்டு சீட்டு வைத்திருக்கிறார். பதினோராம் திருமுறையில் பாடல்கள் உள்ளவருக்கு ஒன்று, சித்தர் பாடல்களாக நாம் சொல்கிற பாடல்களைப் பாடிய பிற்காலத்தவருக்கு ஒன்று. ஆய்வாளர்கள் பலர் அப்படிப் பிரிக்கிறார்கள். கதையில் இருவரும் ஒருவராகிவிட்டார்கள். இரண்டாவது சீட்டில் வருடம் போடவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, “நிச்சயமாத் தெரியாம எப்படிப் போடுறது?” என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே நான் இந்தக் கடையை நம்புகிறேன்.

குறைகளையும் சொல்லவேண்டும். பின்சுவர்ப் பக்கம் ஒரே ஒரு ட்யூப்லைட். மேல் பலகையைப் படிக்க போன் வெளிச்சம் வேண்டும். ஏணி ஆடுகிறது, வயதானவர்கள் ஏறவே கூடாது, அண்ணனையோ பையனையோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். தூசு அதிகம், வீசிங் இருப்பவர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு போகவும். பட்டியல் என்று எதுவும் இல்லை. எல்லாம் அவர் தலையில் இருக்கிறது. அவர் இல்லாத நேரம் போனால் பையனுக்கு விலை மட்டும்தான் தெரியும். இவ்வளவு உழைப்பை ஒரு நோட்டிலாவது எழுதி வைக்கவேண்டும் என்று நான் அவரிடம் சண்டை போடாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். பெண்களின் அடுக்கு மிக மெலிசு. ராணிகளும் ஔவையாரும் இருக்கிறார்கள். ஆடினவர்களும் பாடினவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். நட்டுவனாருக்குச் சீட்டு இருக்கும்போது, அவரிடம் படித்து இந்தக் கோயில்களில் ஆடிய பெண்களுக்கும் இருக்கவேண்டும். சொன்னேன். “சரக்கு வரமாட்டேங்குதே டீச்சர்” என்றார். உண்மைதான். பழைய வீடுகளை விற்கும்போது எடைக்கு வருகிற மூட்டையில் ஆண்களின் புத்தகம்தான் வருகிறது.

இசைப் புத்தகங்களுக்கு விலை கொஞ்சம் தூக்கல். பேரம் பேசினால் பத்துப் பதினைந்து ரூபாய் குறைப்பார், அதற்கு மேல் இறங்கமாட்டார். வாங்கியதைத் திருப்பி எடுப்பதில்லை. ஆனால் பக்கம் விடுபட்டிருந்தால் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். ஜிபே உண்டு. தபாலில் அனுப்புவதில்லை.

மத்தியானம் கடை சாத்தியிருக்கும். காலையில் பத்து மணிக்கு மேல் அல்லது சாயங்காலம் நாலரைக்கு மேல் போங்கள். முகூர்த்த நாளில் ஊருக்குள் கார் கொண்டுபோகவேண்டாம். பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தால் சீக்கிரம் போய்விடலாம். யாரைத் தேடுகிறீர்களோ அவருடைய ஊரைத் தெரிந்துகொண்டு போங்கள், தொழில் தெரிந்தால் இன்னும் நல்லது. வீட்டுப் பரணில் பழைய சபா மலர், கும்பாபிஷேக மலர், நாகஸ்வரம் தவில் கச்சேரி நோட்டீஸ் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடாமல் இங்கே கொண்டு வாருங்கள். எடைக்கடையைவிட நல்ல விலை கொடுக்கிறார். நீடாமங்கலத்தார் பெயர் உள்ள நோட்டீஸ் யாரிடமாவது இருந்தால் அண்ணனிடம் சொல்லி வையுங்கள். வாங்கிக்கொள்ள நான் தயாராக இருக்கிறேன்.